தெரியாதவர் ஒருவர் வேண்டும்



ஜப்பானியப் பள்ளி என்று சொன்னவுடன் இந்த அரங்கில் பாதிப் பேருக்கு டோட்டோ-சான் நினைவுக்கு வந்திருப்பாள். புத்தகத்தில் ஜன்னலோரம் நின்ற அந்தச் சிறுமி தமிழ் வாசகர் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டாள். ஆனால் அவள் படித்த டோமோயே பள்ளி டோக்கியோவில் இருந்தது. பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடந்த அந்தப் பள்ளி 1945-இல் குண்டுவீச்சில் எரிந்தும் போனது. நான் இன்று உங்களை அழைத்துப் போக நினைப்பது வேறு ஊர்களுக்கு. டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறி, இறங்கி, ஒற்றைப் பெட்டி ரயிலுக்கு மாறி, அதிலிருந்தும் இறங்கி, நாளுக்கு நான்கைந்து முறை மட்டுமே வரும் பேருந்துக்குக் காத்திருந்து போய்ச் சேர வேண்டிய ஊர்கள். பின்னால் மலை, முன்னால் வயல் அல்லது கடல், நடுவில் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடல் கடந்து ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறார். எதற்காகப் போகிறார்? அந்த ஊருக்கு அவரால் என்ன பயன்? இதுதான் இன்றைய பேச்சு.

ஆங்கிலம் கற்பிக்கத்தான் போகிறார், இதில் என்ன கேள்வி என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 1980-களில் ஜப்பான் உலகத்துக்கெல்லாம் கார் விற்றது, தொலைக்காட்சிப் பெட்டி விற்றது. அமெரிக்காவோடு வணிகப் பூசல் முற்றியது. பொருளை வெளியே அனுப்பும் நாடு மனிதரை உள்ளே விடுவதில்லை என்ற புகார் நாலாபுறமும் எழுந்தது. அந்தச் சூழலில் பிறந்ததுதான், வெளிநாட்டு இளையவர்களை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைக்கும் ஜெட் என்ற அரசுத் திட்டம். 1987-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். இன்று ஏறக்குறைய ஐம்பது நாடுகளைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றுகிறார்கள். இதுவரை போய் வந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். இந்தியாவும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மவர் எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் கதவு திறந்திருக்கிறது.

இந்தத் திட்டத்தின் சூட்சுமம் பணத்தில் இருக்கிறது. வேலைக்கு வைப்பது டோக்கியோ அரசு அல்ல. அந்தந்த ஊராட்சி, நகராட்சி, மாவட்டக் கல்வி வாரியம். ஆனால் அதற்கான நிதியை மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தரும் வரிப்பணத்தில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஆகவே வருமானமே இல்லாத மலையூர்கூட ஒரு வெளிநாட்டு ஆசிரியரை வரவழைக்க முடிகிறது. இதன் விளைவு என்ன தெரியுமா? டோக்கியோவின் நியான் விளக்குகளை நினைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்ட பிள்ளை, பெயரே கேள்விப்படாத ஒரு பள்ளத்தாக்கில் பெட்டியோடு இறங்கி நிற்கும். விருப்பமான இடத்தை எழுதலாம். அது கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

சரி, போய் இறங்கியாயிற்று. என்ன வேலை?

உதவி மொழியாசிரியர். பதவியின் பெயரிலேயே உதவி என்று இருக்கிறது, நண்பர்களே! வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. பாடத்திட்டம் அவருடையது. மதிப்பெண் அவருடையது. நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள். நல்ல ஆசிரியர் அமைந்தால் இருவரும் சேர்ந்து பாடம் தயாரிப்பீர்கள், சேர்ந்து நடத்துவீர்கள், பிள்ளைகள் முன்னால் உரையாடிக் காட்டுவீர்கள். அமையாவிட்டால்? பாடப்புத்தகத்தின் வாக்கியத்தை நீங்கள் படிக்க, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மறுபடி படிக்க, மறுபடி சொல்வார்கள். பேசும் டேப் ரெக்கார்டராக இருக்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று அங்கே போனவர்கள் காலங்காலமாகப் புலம்பி வருகிறார்கள். முதல் இடத்தில் நின்றுதான் பழக்கம், இரண்டாவதாக நிற்க என்னால் ஆகாது என்பவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம். இதை நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

அதுவும் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் எவ்வளவு? 2011-இல்தான் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020 முதல் அது மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. ஐந்திலும் ஆறிலும் முறையான பாடமாகிவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை. ஆறாம் வகுப்புக்கு இரண்டு. வாரத்துக்கு இரண்டு பாடவேளையில் ஒரு மொழி வந்துவிடுமா? நானும் ஆங்கிலம் நடத்தியவன்தான், வராது. வாரத்துக்கு ஏழு பாடவேளை நடத்தியும் நம்மூரில் என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும்!

அப்படியானால் எதற்காக அந்த ஆள்? எதற்காக அந்தச் செலவு?

இங்கேதான் நாம் வகுப்பறையை விட்டு வெளியே வந்து, அந்தப் பள்ளியின் ஒரு முழு நாளைப் பார்க்க வேண்டும்.

காலையில் பிள்ளைகள் கூட்டமாக நடந்து வருகிறார்கள். பெரிய பிள்ளை முன்னால், சின்னதுகள் பின்னால். முதுகில் ராண்டோசெரு என்ற தோல் பை, ஆறு ஆண்டுக்கும் ஒரே பை. வடக்கே மலைப்பகுதியில் அந்தப் பையில் ஒரு மணி தொங்கும். எதற்கு? கரடிக்கு! மணியோசை கேட்டால் கரடி விலகிப் போய்விடும். பள்ளி வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போட்டுக்கொள்ளும் காலணிக்கு மாற வேண்டும். புது ஆசிரியர் எந்தக் கோட்டில் எந்தக் காலை வைப்பது என்று தெரியாமல் தடுமாறி நிற்பார். ஒரு ஏழு வயதுப் பொடிசு அவர் கையைப் பிடித்து இழுத்து, இங்கே கழற்று, அங்கே வை, இதன்மேல் ஏறு என்று காட்டும். அந்தக் குழந்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. அவருக்கு ஜப்பானிய மொழியில் இரண்டு சொல் தெரிந்தால் அதிகம். ஆனாலும் பாடம் நடந்துவிட்டது. யார் யாருக்கு நடத்தியது?

மதியம் சாப்பாடு. பள்ளி உணவைப் பற்றி இந்த மண்ணில் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கேளுங்கள். ஜப்பானில் இது 1889-இல், வடக்கே யமகட்டா மாவட்டத்தில் சுருவோகா என்ற ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்காக புத்தத் துறவிகள் நடத்திய பள்ளியில் தொடங்கியது என்பார்கள். சோற்று உருண்டை, உப்பிட்ட மீன், ஊறுகாய். 1954-இல் தனிச் சட்டமே வந்தது. இன்று எப்படி நடக்கிறது? முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பெரிய பாத்திரங்களைத் தூக்கி வந்து, மற்றவர்களுக்குத் தாங்களே பரிமாறுகிறார்கள். ஆசிரியருக்கும் அதே சோறு, அதே சூப், அதே பால். பிள்ளைகள் வாயில் வைப்பதற்கு முன்பே தலைமையாசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்த்தாக வேண்டும், அது முறை. எல்லோருக்கும் தட்டு வந்து சேரும்வரை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒன்றாகக் கைகூப்பிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். வெளிநாட்டு ஆசிரியர் இன்று இந்த மேசையில், நாளை அந்த மேசையில் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் தட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அவருக்குப் புதிது. இது என்ன? கடற்பாசி. இது? தாமரைத் தண்டு. இது? யாரோ ஒருவன் மீன் மாதிரி உடம்பை வளைத்துக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். பாடவேளையில் வாயே திறக்காத பிள்ளை அங்கே வாய் திறக்கும்.

சாப்பாடு முடிந்ததும் துப்புரவு. வகுப்பறை, நடைகூடம், கழிப்பறை, எல்லாவற்றையும் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். மரத்தரையில் ஈரத்துணியை வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டம். ஆசிரியரும் துணியைப் பிடித்தாக வேண்டும். இருபத்தைந்து வயது ஆசிரியர் பாதியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவார். எட்டு வயது மாணவி இரண்டு சுற்று முடித்துவிட்டு வந்து, இப்படி இல்லை, இப்படி என்று காட்டுவாள்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். அந்த ஊரை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். எட்டும் தொட்டிலிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. இவன் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியும். அவள் பாட்டி எந்த வயலில் நிற்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். அங்கே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அரைச் சொல் போதும், சில நேரம் ஒரு பார்வை போதும். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் பேச்சுக்கு வேலை குறைவு. அந்த ஊருக்குள் முதன்முறையாக ஒன்றுமே தெரியாத ஒருவர் வருகிறார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது! செருப்பிலிருந்து, திருவிழாவிலிருந்து, அறுவடையிலிருந்து, இறந்துபோன தாத்தாவின் சமாதியில் ஏன் பழம் வைக்கிறோம் என்பதுவரை சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டும் என்ற தவிப்பு வந்த பிறகுதான் மொழி தேவைப்படுகிறது. அந்தத் தவிப்பை எந்தப் பாடப்புத்தகமும் உண்டாக்காது. ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கும் ஒரு மனிதர் உண்டாக்குவார். அந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கு அவருடைய இலக்கணத்தைவிட அவருடைய அறியாமை பெரிய உதவி.

இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். லாஃப்காடியோ ஹெர்ன்.

அயர்லாந்துத் தந்தை, கிரேக்கத் தாய். பள்ளிப் பருவத்தில் ஒரு விபத்தில் இடக்கண் போனது. அமெரிக்காவில் பத்திரிகையாளராக அலைந்து, நாற்பதாவது வயதில் 1890-இல் ஜப்பான் வந்தார். எங்கே வேலை கிடைத்தது? ஜப்பான் கடலோரம், ஷிமானே மாவட்டத்து மட்சுவே. டோக்கியோக்காரர்களுக்கே அது எட்டாக்கை. அங்கே நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கில ஆசிரியர். ஜப்பானிய மொழி தெரியாது. நிஷிதா செந்தாரோ என்ற சக ஆசிரியர்தான் அவருக்குக் கண்ணும் நாவுமாக இருந்தார். ஹெர்ன் வகுப்பில் என்ன செய்தார்? மாணவர்களிடம் தலைப்பு கொடுத்து அவர்கள் நாட்டு வழக்கங்களைப் பற்றி, அவர்கள் மனத்தில் உள்ளதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதைத் திருத்தியதோடு விடவில்லை. தாமே அதிலிருந்து கற்றுக்கொண்டார். 1894-இல் வந்த அவருடைய முதல் ஜப்பான் நூலில் ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு என்று ஓர் இயல் இருக்கிறது. அதில் அந்தப் பையன்களின் கட்டுரைகள் அச்சேறியிருக்கின்றன. யோசித்துப் பாருங்கள்: மட்சுவே போன்ற ஒரு மூலையில் எழுதப்பட்ட பள்ளிக் கட்டுரையை பாஸ்டனிலும் லண்டனிலும் படித்தார்கள்!

அவர் மனைவி செத்சு. சாமுராய் குடும்பத்துப் பெண், ஆங்கிலம் தெரியாது. இருவரும் தங்களுக்கென்று ஓர் உடைந்த ஜப்பானிய மொழியை உண்டாக்கிக்கொண்டு பேசினார்கள். இரவில் அவள் பேய்க் கதை சொல்வாள். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது என்பார் ஹெர்ன். உன் சொல்லில், உன் மனத்திலிருந்து சொல்ல வேண்டும் என்பார். செத்சுவின் பிற்கால நினைவுக் குறிப்பில் இது இருக்கிறது. அப்படிக் கேட்ட கதைகளிலிருந்து 1904-இல் வந்ததுதான் குவாய்தான். இன்று ஜப்பானியர்களே தங்கள் பழங்கதைகளை அந்த அந்நியர் எழுதிய புத்தகத்திலிருந்து படிக்கிறார்கள். மட்சுவேயில் அவர் இருந்தது ஒன்றேகால் ஆண்டுதான். குளிர் தாங்காமல் தெற்கே குமமோட்டோவுக்குப் போய்விட்டார். ஆனால் இன்றும் அந்த ஊர் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்கிறது. கேட்டவரை ஊர் மறப்பதில்லை.

ஆனால் நண்பர்களே, எல்லாம் இப்படி இனிப்பாகவே இருக்கும் என்று நான் சொன்னால் அது ஏமாற்று. சிற்றூரில் தனிமை ஒரு பக்கம். தனியாகவே விடாத கண்கள் மறுபக்கம். இதை நட்சுமே சோசெகியைவிட யாரும் நன்றாகச் சொன்னதில்லை. இவரும் ஆங்கில ஆசிரியர். 1895-இல் ஷிகோகு தீவின் மட்சுயாமாவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனார். பிறகு ஹெர்ன் வேலை பார்த்த அதே குமமோட்டோ கல்லூரிக்கு. பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹெர்ன் இருந்த அதே நாற்காலிக்கு. மட்சுயாமா அனுபவத்தை வைத்து 1906-இல் போச்சான் என்ற நாவலை எழுதினார். டோக்கியோவிலிருந்து கணக்கு நடத்த வந்த ஓர் இளைஞன். ஆசையாக ஒரு கடையில் உட்கார்ந்து நான்கு கிண்ணம் டெம்புரா நூடுல்ஸ் தின்கிறான். மறுநாள் காலை வகுப்புக்குப் போனால் கரும்பலகை முழுக்கப் பெரிய எழுத்தில்: டெம்புரா வாத்தியார்! வேறொரு கடையில் கொழுக்கட்டை தின்றால் அதற்கும் செய்தி. வெந்நீர் ஊற்றில் நீந்தினால் மறுநாள் அங்கே அறிவிப்புப் பலகை. சொந்த நாட்டுக்காரனுக்கே இந்தப் பாடு என்றால், கறுத்த நிறமும் சுருண்ட முடியுமாகப் போய் இறங்கும் உங்களுக்கு?

புது மருமகள் வந்த வீடு மாதிரிதான் அது. அவள் எப்போது எழுந்தாள், எவ்வளவு சாப்பிட்டாள், எதைப் பார்த்து முகம் சுளித்தாள் என்பதுதான் ஒரு மாதத்துக்கு அந்தத் தெருவின் பேச்சு. கடையில் நீங்கள் என்ன காய் வாங்கினீர்கள் என்பது நீங்கள் வீடு போய்ச் சேருமுன் பள்ளிக்குப் போயிருக்கும். குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் கட்டி வைத்தீர்கள் என்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்திருப்பாள்; தவறாக இருந்தால் அவளே பிரித்துக் கட்டியும் வைத்திருப்பாள். இதைக் கண்காணிப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் ஓராண்டில் பெட்டி கட்டுகிறார்கள். அக்கறை என்று எடுத்துக்கொள்பவர்கள் ஐந்தாண்டு வரை, அதாவது திட்டம் அனுமதிக்கும் கடைசி நாள் வரை இருக்கிறார்கள். இரண்டுமே உண்மை என்பது என் எண்ணம். அது கண்காணிப்பும்தான், அக்கறையும்தான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் போகும் பள்ளி நீங்கள் இருக்கும்போதே மூடப்படலாம்.

ஆம், மூடப்படலாம். பிள்ளைகள் இல்லை. இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இந்த நூற்றாண்டில் அங்கே ஆண்டுக்கு நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டு வந்திருக்கின்றன. ஷிகோகுவின் இயா பள்ளத்தாக்கில் நாகோரோ என்று ஒரு கிராமம். சுகிமி அயானோ என்ற அம்மையார் தந்தையைப் பார்த்துக்கொள்ள ஒசாகாவிலிருந்து ஊர் திரும்பினார். வயலுக்கு ஒரு சோளக்கொல்லை பொம்மை செய்தார். அது தந்தையின் சாயலில் வந்துவிட்டது. பிறகு ஊரில் யார் இறந்தாலும், யார் ஊரை விட்டுப் போனாலும் அவர்களுக்கு ஒரு பொம்மை. இன்று அங்கே மனிதரைவிடப் பொம்மைகள் பல மடங்கு. தொடக்கப் பள்ளி 2012-இல் மூடப்பட்டது. வகுப்பறையில் இப்போது உட்கார்ந்திருப்பவை துணிப் பொம்மைகள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னால் அந்தப் படங்களை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை.

எல்லா ஊரும் பொம்மை செய்து உட்கார்ந்துவிடவில்லை. அதே ஷிமானே மாவட்டத்தில், கடலுக்குள், ஓகி தீவுகள். ஹெர்ன் 1892-இல் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த தீவுகள்தாம். அங்கே அமா என்ற தீவூர். அதையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து மூன்று தீவுகளுக்கு ஒரே உயர்நிலைப் பள்ளி. 2008 வாக்கில் மாணவர் எண்ணிக்கை தொண்ணூறு அளவுக்கு விழுந்து, மூடும் நிலை வந்தது. பள்ளி போனால் குடும்பங்கள் போகும். குடும்பங்கள் போனால் ஊர் போகும். ஊரார் என்ன செய்தார்கள்? பெருநகரப் பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்தார்கள். இங்கே வந்து தங்கிப் படியுங்கள், கடலும் வயலும் எங்கள் சிக்கல்களும் உங்கள் பாடம் என்றார்கள். பத்தாண்டில் எண்ணிக்கை இரு மடங்கானது. இதைக் கவனியுங்கள்: ஊரைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழியும் வெளியாரை உள்ளே விடுவதுதான். இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளை வந்து கேட்கும்போதுதான் ஊர்ப் பிள்ளைக்கும் தன் ஊரைப் பற்றிச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

வெளியாரைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. டெய்லர் ஆண்டர்சன். மான்ட்கோமெரி டிக்சன். ஒருவர் வர்ஜீனியாவிலிருந்து, மற்றவர் அலாஸ்காவிலிருந்து ஜெட் திட்டத்தில் போனவர்கள். 2011 மார்ச் 11. வடகிழக்குக் கரை. 9 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே ஆழிப்பேரலை. 2004 டிசம்பரை நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பார்த்த நமக்கு அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. டிக்சன் ரிக்குசென்டகாட்டாவில் இருந்தார். டெய்லர் இஷினோமாக்கி நகரின் பள்ளிகளில் மூன்றாவது ஆண்டாகக் கற்பித்துக்கொண்டிருந்தார். அன்று பள்ளியில் பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகும்வரை உடன் இருந்தார். பிறகு சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. வயது 24. டிக்சனுக்கு 26. ஜெட் ஆசிரியர்களில் அந்தப் பேரலைக்குப் பலியானவர்கள் இவர்கள் இருவரும்தான்.

டெய்லரின் பெற்றோர் மகளின் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். அவள் புத்தகப் பிரியை. ஆகவே அவள் கற்பித்த பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கொடுக்கத் தீர்மானித்தார்கள். புத்தகம் வந்தது, அலமாரி வேண்டுமே? அந்த ஊரில் ஒரு தச்சர் இருந்தார். அலை அவருடைய மூன்று குழந்தைகளையும் கொண்டுபோயிருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு டெய்லர் பாடம் நடத்தியிருந்தார். அந்தத் தச்சர்தான் அலமாரிகளைச் செய்துகொடுத்தார். முதல் அலமாரி அதே 2011-இல், டெய்லர் கடைசியாக இருந்த பள்ளியிலேயே வைக்கப்பட்டது. பிறகு பல பள்ளிகளுக்குப் போனது. ஆங்கிலம் கற்பிக்க வந்த பெண் என்று மட்டும் அந்த ஊர் அவளை நினைத்திருந்தால் அந்தத் தச்சர் உளியைக் கையில் எடுத்திருப்பாரா?

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில கறாரான செய்திகள். உணர்ச்சியோடு மட்டும் விமானம் ஏறக் கூடாது.

பட்டப்படிப்பு வேண்டும். ஆசிரியர் பயிற்சி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஜெட் திட்டத்துக்கு ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பம். இலையுதிர் காலத்தில் அறிவிப்பு வரும், புத்தாண்டுக்குப் பின் நேர்காணல், ஜூலை இறுதி வாக்கில் பயணம் தொடங்கும். போய் இறங்கும்போது அங்கே கோடை விடுமுறை. பிள்ளைகள் இல்லாத பள்ளியில், சின்னச் சின்ன மேசைகள் எதிரெதிரே போட்ட ஆசிரியர் அறையில், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பதற வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். சம்பளம் 2012 முதல் முதலாண்டுக்கு 33.6 லட்சம் யென் என்றிருந்தது. 2025 ஏப்ரலில் 40.2 லட்சமாக உயர்ந்தது. சிற்றூரில் வாடகை குறைவு; சேமிக்கலாம்.

தனியார் நிறுவனங்கள் வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள். அங்கே ஒப்பந்தத்தை இரண்டு முறை படியுங்கள். சில ஒப்பந்தங்களில் பள்ளி விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் குறையும். இன்னும் சில, பள்ளியோடு நேரடித் தொடர்பில்லாத பணி ஒப்பந்தங்கள். அந்த முறையில் வகுப்பாசிரியர் உங்களுக்கு நேரடியாக அறிவுரை சொல்வதே சட்டச் சிக்கலாகிவிடும். ஒரே வகுப்பில் நிற்கும் இரண்டு ஆசிரியர்கள் கலந்து பேசக் கூடாது என்றால் அது என்ன பள்ளிக்கூடம்? என்னைக் கேட்டால் அந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன்.

குளிர்! பல வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, போர்வை மூடிய கொட்டாட்சு மேசை ஒன்று. கழிப்பறைக்குப் போக மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். சைவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கண்ணுக்கு மீன் தெரியாவிட்டாலும் சூப்பில் இருக்கும். டாஷி என்ற அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுப்பது. பள்ளிச் சாப்பாட்டைத் தவிர்த்துக் கட்டுச்சோறு கொண்டுபோகக் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால் அந்த மேசையில் உட்காருவதை மட்டும் தவிர்க்காதீர்கள். கார் ஓட்டத் தெரிந்துகொண்டு போங்கள், அங்கேயும் இடப்பக்கம்தான். பேருந்தை நம்பினால் வாரக் கடைசியில் ஊரைவிட்டு நகர முடியாது.

மார்ச் இறுதியில் ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் வரும். நம் ஊர் ஆசிரியர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். அங்கேயும் சில ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் மாற்றிவிடுவார்கள். நீங்கள் மூன்று நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தால் ஆசிரியர் அறையில் பழைய ஆளாக நீங்களே இருப்பீர்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர் நகல் எடுக்கும் காகிதம் எங்கே என்று உங்களைக் கேட்பார். அன்றைக்கு ஒரு சிக்கல் தொடங்குகிறது. அதற்கு என்னிடம் தீர்வு இல்லை. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் யார்?

கடைசியாக விண்ணப்பக் கட்டுரை. ஏன் ஜப்பான் போக விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். சிறு வயதிலிருந்தே அனிமே பார்ப்பேன் என்று உலகம் முழுவதும் எழுதுகிறது. அதைத் தேர்வுக்குழு படித்துப் படித்து அலுத்திருக்கும். உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள். உங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத எட்டுப் பிள்ளைகளுக்கு அதை எப்படிக் காட்டுவீர்கள் என்று எழுதுங்கள். அவர்களிடம் என்ன கேட்பீர்கள் என்றும் எழுதுங்கள். உங்கள் தெருவில் எத்தனை யானை இருக்கிறது, தினமும் மூன்று வேளையும் குழம்பா, பொட்டு ஏன் சிலர் வைத்திருக்கிறார்கள் சிலர் வைக்கவில்லை என்றெல்லாம் அங்கே கேள்வி வரும். பொங்கல் பானை, கோலம், உங்கள் பள்ளி மதிய உணவு வரிசை, இவற்றின் படங்களைச் சேர்த்து வையுங்கள்.

நீண்ட நேரம் பேசிவிட்டேன். இனி நீங்கள் கேளுங்கள். பின்வரிசையில் ஒரு பெண் பாதிப் பேச்சிலிருந்தே கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறார். முதல் கேள்வி அவருடையதாக இருக்கட்டும்.